கரும்பச்சை

பகலில் நான் இரத்தம் எடுப்பவள்.
கொட்டாஞ்சேனையில், மருந்துக்கடைக்கு மேல்,
ஏசியில் விறைத்த விரல்களோடு
"ஒரு எறும்புக் கடிதான், கையைப் பொத்துங்கோ"
என்று சொல்லி நரம்பு தேடுபவள்.
மாலையில் எங்கள் ஐந்தாம் மாடிக்கும் மேலே
மீன் வந்த றெஜிபோம் பெட்டி பதினொன்றில்
வெண்டியும் கத்தரியும் வைத்திருப்பவள்.
எத்தனை கழுவியும் மழை நாளில் பாரை மணக்கும்.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும்.

மே மாதம் கத்தரி வெளிறிப் போயிற்று.
வெளிறல் எனக்குப் பொறுக்காது.
கீழ் இமையை இழுத்துப் பார்த்தே
ஹீமோகுளோபின் சொல்லுகிற ஆள் நான்.
ஐந்தாம் குறுக்குத் தெருவில் அரைக் கிலோ யூரியா,
சீனி மாதிரி, கடதாசிப் பையில்.
பெட்டிக்கு அரைத் தேக்கரண்டி போதும் என்றான் கடைக்காரன்.
போட்டேன்.
மழை கழுவியிருக்கும் என்று மறுபடியும்.
வெள்ளிக்கிழமை, மனம் கேளாமல், ஒரு முழுக் கரண்டி.

என்ன பச்சை அது!
பிள்ளையார் காது அகலத்தில் இலைகள்,
பச்சைக்கு மேல் கருமை ஓடும் பச்சை.
மூன்றாம் மாடி றிஸ்மினா உடுப்புக் காயப்போட வந்தவள்
"உங்கட கையில பரக்கத் இருக்கு" என்றாள்.
மெல்பேர்ன் தங்கைக்குப் படம் அனுப்பினேன்.
தண்டைக் கிள்ளினால் வெள்ளரிபோல் நீர் விட்டது.
பூதான் இல்லை.

ஒன்பதாம் நாள் ஓர் இலையைத் திருப்பினேன்.
அடிப்பக்கம் எள்ளுக் கொட்டியிருந்தது.
நடக்கிற எள்ளு.
சவர்க்காரத் தண்ணீர் அடித்தேன், விழுந்தன,
வியாழன் வந்தன.
வேப்பெண்ணெய் அடித்தேன்,
றிஸ்மினாவின் தலையணை உறையெல்லாம் கசந்து மணத்தது,
ஞாயிறு வந்தன.

சாப்பாட்டுப் பெட்டியில் இலையை மூடி
வேலைக்குக் கொண்டுபோனேன்.
கடைசி ஆள் இறங்கியதும் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தேன்.

அசுவினி.
ஆணில்லை, முட்டையில்லை,
குடித்துக்கொண்டே குட்டி போடுகிறது.
பிறந்தது இரண்டடி நடந்தது,
தாய்க்குப் பக்கத்திலேயே ஊசியை இறக்கியது.
என் தொழில்தான்.
என்னைவிட நல்ல கை.
இலை ஒருமுறைகூடச் சுளிக்கவில்லை.

இனிப்புக்கு வந்ததென்றுதான் நினைத்தேன்.
எறும்பும் அப்படித்தான் நினைக்கிறது.
அது பின்னால் விட்ட துளியை, ஒரு குறும்பில்,
சிறுநீரில் சீனி பார்க்கும் கீற்றால் தொட்டேன்.
நிறம் ஏறியது.
சீனியை அது வெளியே கொட்டுகிறது!
நாள் முழுக்க நான் மனிதர்களிடம் தேடுவது
அதற்குக் குப்பை.
அது வந்தது நான் போட்ட கரண்டிக்கு.
இலை கட்டி முடிக்காத புரதத்துக்கு,
சுவரேறாமல் சாற்றில் மிதந்த செங்கல்லுக்கு.
கொத்தனுக்கு மூச்சுவிட நேரம் கொடாமல்
லொறி லொறியாய்க் கல் இறக்கியிருக்கிறேன்.

நிறுத்தினேன்.
ஆமர் வீதி பேக்கரியில் விறகுச் சாம்பல் கேட்டு
ஒரு பிடி, இரு பிடி.
எட்டாம் பெட்டிக்கு மட்டும் ஒன்றும் போடவில்லை,
தண்ணீரும் குறைத்தேன், பார்ப்போமே என்று.
அது மஞ்சளித்தது.
அதற்கும் ஒரு கூட்டம் வந்தது: செஞ்சிலந்தி,
வலை பின்னிக்கொண்டு.
பட்டினிக்கும் ஒரு பூச்சி இருக்கிறது.

இப்போது இலைகள் சிறியவை,
தடவினால் கொஞ்சம் சொரசொரப்பு.
அசுவினி போகவில்லை.
எண்ணக்கூடிய அளவில் இருக்கிறது,
எண்ணுவதற்கு ஒரு பொறிவண்டும் வந்திருக்கிறது.
நேற்று ஏழு கத்தரிக்காய், ஒன்றில் புழு.
புழுப் பக்கத்தை வெட்டிப்போட்டுப் பொரித்தேன்.

மிச்ச யூரியா ஹோர்லிக்ஸ் போத்தலில்,
வேலையிட வழக்கப்படி பெயரும் திகதியும் எழுதி.
சில அந்திகளில், கப்பல் விளக்குகள் எரியத் தொடங்கும்போது,
ஒரு குருத்து சற்றே வெளிறித் தெரியும்.
கை தானாகப் போத்தல்வரை போகும்.
மூடி இறுக்கமா என்று பார்த்துவிட்டு
தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன்.